அந்த நாலு, நாலாம் கட்டம் இல்லை

அன்பு மக்களே பூரணி,

“பெரியம்மா, நாலுன்னு போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நீ அனுப்பிய தைராய்டு ஸ்கேன் ரிப்போர்ட்டை மூன்று தடவை வாசித்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் அதட்டுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு, பகல் வெளிச்சத்தில் படி. ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு கண்டதையும் தேடிப் படிக்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியாதா? பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரி நீ பண்ணிய கூத்தை இந்த வீடே இன்னும் மறக்கவில்லை.

முதல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் ரிப்போர்ட்டில் இருக்கிற 4, புற்றுநோயின் நாலாம் கட்டம் இல்லை. அது டைராட்ஸ் 4. ஸ்கேன் பார்த்தவர், கட்டியின் தோற்றத்தை வைத்துப் போடுகிற சந்தேக எண். கட்டம் என்பது புற்றுநோய் என்று உறுதியான பிறகு, அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது. உனக்கு நோயே உறுதியாகவில்லை. பிறகு கட்டம் எங்கிருந்து வரும்? இன்னொன்றும் சொல்கிறேன், கேள். தைராய்டில் பெரும்பாலும் வருகிற பாப்பிலரி, ஃபாலிக்குலர் என்ற இரண்டு வகைப் புற்றுநோய்க்கும், 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்று, இரண்டு என்று இரண்டு கட்டங்கள்தான். நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும் இரண்டாம் கட்டம்தான். 29 வயதில் நீ நினைத்து அழுத அந்த நாலாம் கட்டம், இந்த இரண்டு வகையிலும் கணக்கிலேயே கிடையாது.

ஊசி வைத்துச் செல் எடுத்துப் பார்க்கிற சோதனைக்கு வேறோர் எண் வரிசை இருக்கிறது, பெதஸ்டா என்று பெயர். 2007-ல் அமெரிக்காவின் மேரிலாண்டில் உள்ள அந்த ஊரில் கூடிப் பேசி வகுத்தது. அதில் ஆறு படி. ஆக மூன்று ஏணிகள். மூன்றிலும் நாலாம் படி உண்டு, மூன்றும் வேறு வேறு உயரம். நான் வேலையில் இருந்த காலத்தில் இந்த எண் குழப்பத்தால் வெளுத்துப்போய் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள், ‘இந்த எண் இன்னதைக் குறிக்கிறது’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் அவர்கள் அந்த ராத்திரிகளைத் தூங்கிக் கழித்திருப்பார்கள். இதை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை.

சரி, உன் 4 எப்படி வந்தது என்று நாம் இருவரும் சேர்ந்து கூட்டிப் பார்ப்போம். உன் ரிப்போர்ட்டில் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2017-ல் வெளியிட்ட முறையைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கும் கொரியாவுக்கும் தனித்தனி முறை உண்டு, அவற்றின் எண்கள் அச்சாக ஒன்றல்ல. அதனால் எந்த முறை என்று கேட்பது ஒரு நல்ல பழக்கம். இந்த முறையில் ஐந்து விஷயங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கட்டிக்குள் என்ன இருக்கிறது? நீர் நிறைந்த பையாகவோ, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகவோ இருந்தால் பூஜ்யம். திடமாக இருந்தால் 2. உன்னுடையது திடம், ஆகவே 2. ஸ்கேனில் சுற்றியுள்ள தைராய்டைவிடக் கருமையாகத் தெரிகிறதா? உன்னுடையது தெரிகிறது, அதற்கு இன்னொரு 2. படுத்த வாக்கில் இருக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா? அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருந்தால் 3 மதிப்பெண். சாதாரணக் கட்டி திசுவின் வரிசைக்கு இணங்கி வளரும். வரிசையை வெட்டிக்கொண்டு குறுக்கே வளர்வதுதான் சந்தேகத்துக்கு இடம் தரும். உன்னுடையது அகலம் 8 மி.மீ., உயரம் 7. பூஜ்யம். விளிம்பு சீராக இருக்கிறது, அதற்கும் பூஜ்யம். வெள்ளைப் பொடிப்புள்ளிகள் இல்லை, அங்கேயும் பூஜ்யம். கூட்டினால் 4. நாலிலிருந்து ஆறு வரை வந்தால் டைராட்ஸ் 4. நீ அந்த வகுப்பின் வாசற்படியில் நிற்கிறாய், அவ்வளவுதான்.

அந்தப் பொடிப்புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. பாப்பிலரி வகையில் சில சமயம் சுண்ணாம்பு, அடுக்கடுக்காக வெங்காயம் மாதிரி உருண்டு கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்துப் பார்த்தே என் பாதி ஆயுசு போனது. அதன் பெயரிலேயே மணல் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘சாமோஸ்’ என்றால் மணல். ஸ்கேனில் மின்னும் பொடிப்புள்ளிகள் பல சமயம் இந்த மணல்தான். அதனால்தான் அந்த அடையாளத்துக்கும் 3 மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். உன் கட்டியில் அந்த மணல் இல்லை, மக்களே.

இனி, டைராட்ஸ் 4 என்றால் எவ்வளவு சந்தேகம்? 100 கட்டிகளில் 5-லிருந்து 20 வரை புற்றாக இருக்கலாம் என்பது அந்த வகுப்பின் வரம்பு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளைச் சோதித்து ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த வகுப்பில் 100-க்கு ஏறக்குறைய 9 வந்தது. மூன்றாம் வகுப்பில் 5-க்கும் கீழே, ஐந்தாம் வகுப்பில் 35. நீ 9-ஐ நினைத்து நடுங்குகிறாய். மீதி 91-ஐயும் ஒரு நிமிஷம் எண்ணிப் பார்.

கட்டியின் அளவு இந்த மதிப்பெண்ணில் சேரவே சேராது என்பதைக் கவனித்தாயா? பெரியதாக இருப்பதாலேயே கெட்டது என்று ஆகாது, சின்னதாக இருப்பதாலேயே நல்லது என்றும் ஆகாது. ஊசி போட வேண்டுமா, காத்திருக்கலாமா என்று முடிவு செய்யத்தான் அளவு. இந்த முறைப்படி நாலாம் வகுப்புக் கட்டி 15 மி.மீ. தொட்டால் ஊசி, 10 தொட்டால் கண்காணிப்பு. உன்னுடையதன் அதிகபட்ச நீளம் 11. ஆகவே இப்போது ஊசி வேண்டாம், அடுத்த வருஷம் ஸ்கேன். பிறகு இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம், ஐந்தாம் வருஷம். ஐந்து வருஷம் வளராமல் இருந்துவிட்டால் அதோடு ஸ்கேனையும் நிறுத்திவிடலாம். உன்னிடம் ‘உடனே ஆபரேஷன் பண்ணிவிட்டால் நிம்மதி’ என்று ஒருவர் சொன்னார் என்றாயே, அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அது தவறான ஆலோசனை. ஆபரேஷனுக்குப் போக உன் கட்டி இதுவரை ஒரு காரணமும் காட்டவில்லை.

நம் ஆச்சியை உனக்கு நினைவிருக்காது. நீ பிறந்தபோது அவளுக்கு 80 தாண்டிவிட்டது. ஆச்சியின் கழுத்தில் நார்த்தங்காய் அளவுக்கு ஒரு கழலை. மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைச் சாறை முழுங்குவாள். முழுங்கும்போதெல்லாம் அந்தக் கட்டி மேலே ஏறி இறங்கும். பிள்ளைகள் நாங்கள் எதிரே உட்கார்ந்து, “இன்னொரு தடவை, ஆச்சி” என்று கெஞ்சுவோம். பின்னால் மருத்துவக் கல்லூரியில், ‘தைராய்டுக் கட்டி எச்சில் முழுங்கும்போது ஏறி இறங்கும்’ என்று பாடம் நடத்தியபோது, வகுப்பில் முதலில் கை தூக்கியது நான்தான். மரச்சீனிக் கிழங்கு தின்றுதான் கழலை வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அயோடின் போதாத இடத்தில் மரச்சீனியே உணவாக இருந்தால் கழலை கூடும் என்பது உண்மைதான். ஆனால் கழலை வேறு, புற்று வேறு. ஆச்சி அந்தக் கட்டியோடு 86 வயது வரை இருந்து, கடைசியில் நெஞ்சு வலியில் போனாள்.

கழுத்தைத் தடவிப் பார்த்தால் நூறு பெண்களில் ஐந்தாறு பேருக்குக் கட்டி தட்டுப்படும். ஸ்கேன் கருவியை வைத்துத் தேடினால் பாதிப் பேருக்குக்கூட ஏதாவது ஒன்று அகப்படும். வயது கூடக் கூட இன்னும் அதிகம். 1985-ல் பின்லாந்தில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை நுணுக்கமாக வெட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரியாத பாப்பிலரிப் புற்று இருந்தது. உயிரோடு இருந்தவரை அவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. நான் இதை முதன்முதலில் வாசித்தபோது, அதுவரை எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் மனசுக்குள் ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன்.

தென்கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1999-ல் அங்கே அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் ‘கொஞ்சம் பணம் சேர்த்துக் கட்டினால் கழுத்தையும் பார்த்துவிடலாம்’ என்று மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. 2011-ல் தைராய்டுப் புற்று கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. அத்தனை பேரைக் கண்டுபிடித்து, பெரும்பாலோருக்கு ஆபரேஷனும் செய்தும், அந்நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, அப்படியே நின்றது. ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் கால்சியம் குறைபாட்டோடு வாழ வேண்டி வந்தது, இரண்டு பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது. 2014-ல் அந்நாட்டு மருத்துவர்களே எழுந்து போதும் என்றார்கள். பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழுவும் 2017-ல், தொந்தரவே இல்லாதவர்களுக்குத் தைராய்டுப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உன் கம்பெனியின் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் கழுத்து ஸ்கேனைச் சேர்த்தது யாரோ, அவர்கள் இதையெல்லாம் வாசித்திருக்க வேண்டும்.

ஆனாலும் மக்களே, நான் உன்னைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்க இதை எழுதவில்லை. பார்த்தாகிவிட்டது, பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியாது. அலட்சியத்தின் விலையையும் கண்டவள் நான். இங்கே சந்தையில் வாழைக்குலை ஏலம் விடுகிற ஒருவர் இருந்தார். விடிகாலையிலிருந்து கத்துகிற தொழில். குரல் கம்மியது. ஏலக்காரன் குரல் கம்மாமல் யாருடைய குரல் கம்மும் என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள். வருஷம் ஒன்று போன பிறகு, தாடைக்குக் கீழே நெறி கட்டியதைக் காட்ட வந்தார். கழுத்துக் கட்டி கல் மாதிரி இறுகி, அசையாமல் இருந்தது. நான் ஊசி வைத்து எடுத்த முதல் ஸ்லைடிலேயே எல்லாம் தெரிந்தது: செல்லின் உட்கருவில் காப்பிக்கொட்டையின் நடுப்பிளவு மாதிரி கோடு. அவர் பிழைத்தார், ஆனால் பழைய குரல் திரும்பவில்லை, ஏலம் விடவும் பிறகு முடியவில்லை.

அதனால் ஸ்கேன் எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகளை நானே உன்னிடம் கேட்கிறேன். ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் எழுதி வை. சளி இல்லாமலே மூன்று நாலு வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருக்கிறதா? முழுங்கும்போது அடைக்கிறதா? கட்டி சில வாரங்களில் மளமளவென்று பெருத்ததா? கழுத்தின் பக்கவாட்டில் வேறு நெறி தட்டுப்படுகிறதா? சின்ன வயதில் தலைக்கோ கழுத்துக்கோ கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்திருக்கிறதா? பல்லுக்கு எடுத்த எக்ஸ்ரேயை இதில் சேர்த்துப் பயப்படாதே. நான் கேட்பது சிகிச்சையாகக் கொடுக்கிற கதிர்வீச்சு. 1986-ல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது, கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளுக்குத்தான் பின்னால் தைராய்டுப் புற்று பெருகியது. பெரியவர்களிடம் அப்படி ஆகவில்லை. குழந்தையின் தைராய்டு அவ்வளவு இளகியது.

உடனே நீ மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைக் கேட்பாய். சின்ன வயதில் லீவுக்கு வந்தால் அந்தக் கறுப்பு மணலில்தானே புரண்டாய்! அந்த மோனசைட் மணலில் கதிரியக்கம் உண்டு, பொய்யில்லை. கேரளத்தில் இதே மணல் கிடக்கிற கருநாகப்பள்ளியில் மக்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பின்னணிக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே மணலை விட்டுவிடு.

குடும்பக் கேள்வி ஒன்று பாக்கி. பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது தைராய்டுப் புற்று இருந்ததா? எனக்குத் தெரிந்து இரண்டு பக்கமும் இல்லை. மெடுல்லரி என்று ஒரு வகை உண்டு, குறைவாகவே வரும்; அதில் நாலில் ஒன்று பரம்பரையாக ரெட் என்ற மரபணுவின் பிழையால் இறங்குவது. உன் அப்பாவின் தம்பி வீட்டில் மட்டும் ஒருமுறை கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இரத்தத்தில் டி.எஸ்.எச். பார்த்தாயா என்றால், பார்த்தேன் என்கிறாய். ஆனால் முடி கொட்டுவதற்கு ஏதோ மாத்திரை தின்றுகொண்டிருந்தாய் அல்லவா, அதில் பயோட்டின் இருக்கும். அது பல லேபுகளின் தைராய்டு டெஸ்ட்டைக் குழப்பும். இல்லாத தைராய்டு மிகைப்பை இருப்பதுபோல் காட்டிவிடும். டி.எஸ்.எச். குறைந்திருந்தால்தான் அணுமருத்துவ ஸ்கேன் எடுப்பார்கள். அதில் கட்டி கூடுதலாக வேலை செய்கிறது என்று தெரிந்தால் அது புற்றாக இருப்பது அபூர்வம், ஊசியே பெரும்பாலும் வேண்டியதில்லை. பொய்யாகக் குறைந்த டி.எஸ்.எச்.-ஐ நம்பி யாரும் உன்னை அங்கே இழுத்துக்கொண்டு போகக் கூடாது. அடுத்த முறை இரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே அந்த மாத்திரையை நிறுத்து. லேப்காரரிடமும் சொல். உன் முடிக்கு ஒரு குறையும் இல்லை, கல்யாணப் போட்டோவுக்கு இதுவே போதும்.

ஒருவேளை அடுத்த வருஷம் கட்டி வளர்ந்து ஊசி போடச் சொன்னால் பயப்படாதே. இரத்தம் எடுக்கிற ஊசியைவிட அது மெல்லியது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குத்தச் சொல். முடிவில் ‘போதிய செல்கள் இல்லை’ என்று வந்தால் எரிச்சல் வரும், திரும்பவும் போக வேண்டுமே என்று. அந்த ரிப்போர்ட்டை எழுதியவரைத் திட்டாதே. குறைந்தது பத்துப் பத்துச் செல்கள் கொண்ட ஆறு கூட்டங்களாவது ஸ்லைடில் இருந்தால்தான் வாயைத் திறக்கலாம் என்பது விதி. அந்த விதி எங்கள் கைக்கு வராத காலத்தில், இரண்டே கூட்டத்தைப் பார்த்து ‘புற்று இல்லை’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அந்த அம்மாள் திரும்பி வந்தார். கட்டி வளர்ந்திருந்தது, இந்தத் தடவை புற்று. அவர் நல்லபடியாக இருக்கிறார் என்றாலும், அந்தக் கையெழுத்து எனக்கு இன்னும் மறக்கவில்லை. ‘தெரியவில்லை’ என்று எழுதுகிற ரிப்போர்ட் எவ்வளவு நேர்மையானது என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

ஊசியாலும் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. ஃபாலிக்குலர் வகையில், சாதுவான கட்டியின் செல்லும் புற்றின் செல்லும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். கட்டியைச் சுற்றிய உறையைத் தாண்டிப் போயிருக்கிறதா என்பதுதான் இரண்டுக்கும் வித்தியாசம். வேலியைத் தாண்டியதா என்று அறிய வேலியையே பார்க்க வேண்டும். ஊசி கொண்டுவருவது தோட்டத்து இலையை மட்டும். பெதஸ்டாவின் நாலாம் படி அதுதான். அங்கே பாதித் தைராய்டை எடுத்துப் பார்ப்பது வழக்கம். அந்த ஏணியில் இரண்டாம் படி வந்தால் நல்ல செய்தி, 100-க்கு 4 பேருக்குத்தான் அது தவறும். ஆறாம் படி வந்தால் 97 பேருக்குப் புற்று உறுதி. நடுவில் இருப்பவைதான் யோசிக்க வைப்பவை.

அந்த ஆறாம் படியே வந்தாலும் உலகம் முடிந்துவிடாது. ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனையில், 10 மி.மீ.-க்குள் இருக்கும் பாப்பிலரிப் புற்றை ஆபரேஷன் செய்யாமல் கண்காணிக்கும் வழக்கத்தை 1993-ல் தொடங்கினார்கள். 1,235 பேரைப் பின்தொடர்ந்ததில், பத்து வருஷத்தில் கட்டி வளர்ந்தது 100-க்கு 8 பேருக்கு. நெறிக்குப் பரவியது 4 பேருக்கும் குறைவு. யாரும் அந்நோயால் இறக்கவில்லை. இளவயதினருக்குத்தான் வளர்ச்சி கொஞ்சம் கூடுதல் என்பதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். 2016-ல் ஒரு வகைக் கட்டியின் பெயரிலிருந்து ‘புற்று’ என்ற சொல்லையே நீக்கினார்கள், அது அவ்வளவு சாது என்று தெரிந்ததால். ஒரு சொல்லை எடுத்ததால் எத்தனை வீடுகளில் அடுப்பு நிம்மதியாக எரிந்திருக்கும்!

இப்போது உன் அலமாரிக்கு வருகிறேன். பூரணியின் அலமாரி என்றால் சேலைக்கு நடுவில் பேங்க் பாஸ்புக், அதற்குள் காய்ந்த மல்லிகை. இந்தக் காரியத்தில் அது ஆகாது. ஒரு ஃபைல் வாங்கு. ஸ்கேன் ரிப்போர்ட், படம், இரத்த டெஸ்ட், எல்லாம் தேதி வாரியாக. எப்போதும் ஒரே இடத்தில், முடிந்தால் ஒரே டாக்டரிடம் ஸ்கேன் எடு. போகும்போது பழைய படத்தைக் கையில் கொடுத்து, ‘இதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்’ என்று கேள். மூன்று அளவும் எழுதச் சொல். 11 என்றிருந்தது 12 ஆகிவிட்டது என்று வந்து அழாதே. ஒரு மில்லிமீட்டர் என்பது கை நகர்ந்த வித்தியாசம். குறைந்தது இரண்டு அளவுகள் ஐந்தில் ஒரு பங்கு கூடி, ஒவ்வொன்றும் 2 மி.மீ.-க்குக் குறையாமல் வளர்ந்திருந்தால்தான் வளர்ச்சி என்று கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்தால் மனசுதான் தேயும். தினமும் கண்ணாடி முன் நின்று கழுத்தைப் பிசைவதையும் விடு. கட்டியைக் கரைக்கிறேன் என்று யாராவது தைராக்ஸின் மாத்திரை எழுதினால் சாப்பிடாமல் எனக்குப் போன் பண்ணு. டி.எஸ்.எச். சரியாக இருப்பவர்களுக்கு அந்த வழக்கம் இப்போது இல்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லலாமா, மறைக்கலாமா என்று கேட்டாயே, எனக்கு அதில் இரண்டாம் எண்ணம் இல்லை. அந்தப் பையனிடம் நீயே, ரிப்போர்ட்டைக் காட்டிச் சொல். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேறுக்கும் இந்தக் கட்டி தடையில்லை. கர்ப்ப காலத்தில் தேவைப்பட்டால் ஊசிகூடப் போடலாம். அணுமருத்துவ ஸ்கேன் மட்டும் கூடாது. 11 மில்லிமீட்டர் கட்டியைக் கேட்டுப் பின்வாங்குகிற வீடு என்றால், அது கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிவது நமக்கு நல்லது.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்குக் கோபம். என்னிடம் சொன்னாய், அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் பயப்படுவாள் என்கிறாய். பயப்படத்தான் செய்வாள், அதற்கு அவளுக்குப் பாத்தியதை உண்டு. நேற்றுக்கூட போனில், “பூரணி குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?” என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஸ்கேன் வரும் தை மாதம். நானும் அவளும் சென்னைக்கு வந்து உன்னோடு கூட வருகிறோம், டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தை மடித்து ஃபைலில் வைத்ததும், முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் பண்ணு.

என்றும் உன்
பெரியம்மா